என் வீட்டுக்காரரும் பித்தளைக் கனெக்டரும்

என் வீட்டுக்காரர் பெயர் பிரின்ஸ். கூடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறார். டிஷ் மாட்டுவார், கேமரா மாட்டுவார், மலைமேல் ஏலக்காய் எஸ்டேட்டுகளில் செல்போன் சிக்னலை இழுத்துக் கொடுக்கிற கருவி மாட்டுவார். எதை மாட்டினாலும் கடைசியில் அவர் பேச்சு கனெக்டரில்தான் வந்து நிற்கும். கேபிளின் நுனியில் மாட்டுகிற, சுண்டுவிரல் நுனி அளவே இருக்கிற உலோகத் துண்டு அது. அதைப் பற்றி ஒரு மனிதரால் இவ்வளவு பேச முடியும் என்று கல்யாணத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

துவைக்கப் போடுகிற சட்டைப் பையில் தினமும் இரண்டாவது கிடக்கும். வாஷிங் மெஷின் கடகடவென்று சத்தம் போட்டால் பக்கத்து வீட்டு முனீஸ்வரி, "ஜெசிந்தா, ஒங்க வீட்டுக்காரரு சுத்துறாக பாரு" என்பாள். யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் நிமிர்ந்து மொட்டைமாடியைப் பார்ப்பார். என் சித்தப்பா இறந்த வீட்டில், எல்லோரும் செபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்போது, என் பக்கம் மெதுவாகச் சாய்ந்தார். துக்கத்தில் ஏதோ ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நானும் காதைக் கொடுத்தேன். "டேப்பை மேலேருந்து கீழ சுத்தியிருக்கான் பாரு" என்றார். அந்த இடத்தில் நான் சிரிப்பை அடக்கியதைப் பார்த்தவர்கள் நான் விம்முகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அவரிடம் கொள்கைகள் உண்டு. வெளியில், வெயிலிலும் மழையிலும் கிடக்கப்போகிற கனெக்டர் பித்தளையாக இருக்க வேண்டும். கடையில் எல்லாமே வெள்ளையாக மின்னும். இவர் கத்தி முனையால் ஓரத்தில் ஒரு கீறு கீறிப் பார்ப்பார். உள்ளே மஞ்சள் தெரிந்தால் வாங்குவார், சாம்பல் தெரிந்தால் கடைக்காரர் முகத்தைக்கூடப் பார்க்காமல் திரும்பிவிடுவார். கையால் திருகி மாட்டுகிற வகை ஆகாது. தனிக் கருவியில் வைத்து அழுத்தினால் கேபிளைச் சுற்றி இறுகிக்கொள்கிற வகைதான் வேண்டும். அதிலும் கேபிளின் கனத்துக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். கொஞ்சம் தொளதொளவென்று இருந்தாலும் அந்த வழியாக ஈரம் ஏறிவிடும் என்பார். அப்புறம் டேப். கூரை வேய்கிறவர்கள் கீழ் வரிசையை முதலில் போட்டு மேலே போவதைப் போல டேப்பையும் கீழிருந்து மேலே சுற்ற வேண்டும், அப்போதுதான் மழைத் தண்ணீர் மடிப்புக்குள் புகாமல் வழிந்து ஓடும். குமுளிப் பக்கத்து மழையில் பத்து வருடம் நனைந்து கற்றுக்கொண்டது இவ்வளவும். மழையைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அவருக்குத் தெரியாமல் இருந்தது ஒன்றே ஒன்று. அதில்தான் எங்கள் கல்யாணம் கவிழப் பார்த்தது.

சுருளிப்பட்டி போகிற ரோட்டில் எங்கள் அப்பா ஞானமுத்துவுக்கு ஒன்றரை ஏக்கர் திராட்சைத் தோட்டம். வீடும் தோட்டத்துக்குள்ளேயே. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே கொடி படர்ந்து கிடக்கும். கொடி கட்டுகிற வேலை எனக்குப் பத்து வயதிலேயே வந்துவிட்டது. நான் இடது கைக்காரி. நான் முறுக்குகிற கட்டு மற்றவர்கள் கட்டுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கும். அப்பா பந்தலுக்கடியில் நடக்கும்போது அங்கங்கே நின்று கட்டைத் தொட்டுப் பார்த்து, "இது எங்க ஆத்தா கட்டுனது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். ஆத்தா என்று அவர் சொல்வது என்னைத்தான். கட்டு இறுக்கமாக இருந்தால் சொல்வார், தளர்ந்திருந்தால் மற்றவர்கள்மேல் பழி போடுவார்.

வீட்டைச் சுற்றித் தென்னை நிற்பதால் டிஷ்ஷை அங்கே வைக்க முடியவில்லை. தோட்டத்தின் அந்தக் கோடியில் மோட்டார் ரூம் கூரைமேல் வைத்து, பந்தல் கம்பியோடு கேபிளைக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். கேபிள் நீளம் பற்றாமல் நடுத்தோட்டத்தில் ஒரு ஜாயின்ட். அப்பா வாலிபத்தில் கபடி ஆடியவர். டிவியில் கபடி நடக்கும்போது, ஆடுகிறவன் கோட்டைத் தொடப்போகிற நேரம் பார்த்துப் படம் கட்டங்கட்டமாக உடைந்து நின்றுவிடும். அப்பாவுக்கு வருகிற கோபத்தில் ரிமோட் இரண்டு முறை சுவரில் அடி வாங்கியிருக்கிறது. மூன்று மெக்கானிக்குகள் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இந்த நிலையில்தான் ஓர் அக்டோபர் மாதம், ஞாயிறு பூசை முடிந்து, கூடலூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். எனக்கு அன்று காலையிலிருந்தே பயம். அதற்கு முந்தி ஒரு வீட்டார் வந்தபோது, நான் காப்பித் தட்டை இடது கையில் ஏந்தி நீட்டியதைப் பார்த்து மாப்பிள்ளையின் அத்தை முகத்தைச் சுளித்தாள். பிறகு அவர்களிடமிருந்து பதிலே வரவில்லை. அதனால் அம்மா இன்னாசியம்மாள் அடுப்படியிலேயே என் வலது கையில் தட்டைத் திணித்து, "அஞ்சு நிமிசம் பொறுத்துக்க ஆத்தா" என்றாள்.

நான் தட்டோடு வெளியே வந்தேன். மாப்பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் படம் உடைந்து நின்றிருந்தது.

"இந்த லைன்ல ஜாயின்ட்டு எங்கன இருக்கு?" அந்த வீட்டில் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அப்பா சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். "பொண்ணு பாக்க வந்தீகளா, டிவி பாக்க வந்தீகளா?"

"ரெண்டும்தான் மாமா. அது உடைஞ்சிருக்கப்ப எனக்கு இதுல மனசு நிக்காது."

அவர் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயம் அந்த நிமிடமே போய்விட்டது.

அவர் வண்டிப் பெட்டியிலிருந்து கருவிப் பையை எடுத்து வந்தார். ஏணியும் வேண்டியிருந்தது, வழி காட்டவும் ஆள் வேண்டியிருந்தது, ஆகவே நான் போனேன். பந்தலுக்கடியில் நின்று ஜாயின்ட்டைத் திருகினார். அது திருகு விடவில்லை, கையிலேயே உதிர்ந்தது. உள்ளே வெள்ளையும் நீலமுமாகப் பொடி. "எல்லாம் துத்தநாகம். சாமான் மோசம்" என்றார். இரண்டு முனையையும் வெட்டி, மேல்தோலை உரித்து, கம்பி வலையைப் பின்னால் மடித்து, புதுப் பித்தளைக் கனெக்டரைச் சொருகினார். "இங்கன கொஞ்சம் பிடிங்க" என்றார். அவசரத்தில் இடது கையை நீட்டிவிட்டேன். நீட்டிய பிறகுதான் உறைத்தது. கையை இழுத்துக்கொள்ளப் போனேன்.

"இடது கையா? அப்ப நல்லதாப் போச்சு. நீங்க அந்தப் பக்கம் நில்லுங்க, நான் இந்தப் பக்கம். ஒருத்தர் கை ஒருத்தருக்கு இடிக்காது" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த நொடியில்தான். இதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை, சொன்னால் அதையும் கனெக்டரின் பெருமையாக எடுத்துக்கொள்வார்.

அழுத்துகிற கருவியில் வைத்துக் கனெக்டரை இறுக்கினார். ஜாயின்ட்டைக் கல்தூணோடு நிமிர்த்திக் கட்டி, அதற்கு முன்னால் கேபிளைக் கொஞ்சம் தொங்கவிட்டார். கேபிள் வழியாக ஓடிவருகிற மழைத் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடுமாம். டிஷ் பக்கத்துக் கனெக்டருக்கு ரப்பர் டேப் சுற்றினார். அதில் பசையே கிடையாது, இழுத்துச் சுற்றினால் தன்மேல் தானே ஒட்டி ஒரே ரப்பராகிவிடும். ஜாயின்ட்டுக்கு வரும்போது அது தீர்ந்துபோனது. சாதாரணக் கறுப்பு டேப்பைக் கீழிருந்து மேலாக அழகாகச் சுற்றிவிட்டு, "மழைக்கு இது மதி" என்றார். எஸ்டேட்டில் வேலை பார்த்துப் பார்த்து, போதும் என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவருக்கு மலையாளம்தான் வரும்.

திரும்பி வந்து பார்த்தால் படம் கண்ணாடி மாதிரி நின்றது. அப்பா அசையவில்லை.

"மூணு பேரு வந்தாக. மூணு பேரும் கனெக்டரை மாத்துனாக, காப்பி குடிச்சாக, போனாக. ஒரு மாசம் நிக்கல. நீங்களும் அதே தொழிலு." வாத்தியார் மாப்பிள்ளை பார்க்க வேண்டும் என்று அப்பாவுக்கு மனதில் ஓர் ஆசை. "நான் ஒளிச்சுப் பேச மாட்டேன் தம்பி. இன்னைக்கு நீங்க மாட்டுனது கிறிஸ்துமஸ் வரைக்கும் நிக்கட்டும். நடுவுல ஒங்களைக் கூப்பிடவும் மாட்டேன், நீங்க வந்து தொடவும் கூடாது. நின்னா தை மாசத்துக்கு ஓலை வாசிக்கச் சொல்வோம். நிக்கலைன்னா இந்தப் பேச்சு இத்தோட முடிஞ்சது."

ஓலை என்றால் எங்கள் கோயிலில் மூன்று ஞாயிறு பூசையில் வாசிக்கிற கல்யாண அறிவிப்பு. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரம் எப்படியும் கல்யாணம் கிடையாது, அதனால் காத்திருப்பதில் யாருக்கும் நட்டமில்லை என்று அப்பா நியாயம் சொன்னார். மாப்பிள்ளை ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. "சரி மாமா" என்றார். தன் கனெக்டர்மேல் அவருக்கு இருந்த நம்பிக்கையில் கால்பங்கு எனக்கு இருந்திருந்தால் அடுத்த இரண்டு மாதமும் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

மழை பிடித்துக்கொண்டது. எப்பேர்ப்பட்ட மழைக்கும் படம் அசையவில்லை. அவர் வாரத்துக்கு இரண்டு முறை போன் பண்ணுவார். "மழை பெஞ்சுச்சா? படம் நிக்குதா?" அப்புறம்தான் சாப்பிட்டாயா என்று கேட்பார். மழை பெய்தால் திராட்சை இலையின் அடியில் நோய் விழும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து அடிக்க வேண்டும். அப்பா ஸ்பிரே கன்னைப் பிடித்து அடிப்பார், நான் பின்னால் மருந்து வருகிற ஓஸ் குழாயைத் தூக்கிக்கொண்டு நடப்பேன். மூன்று முறை அடித்தோம். நான்காம் முறை அடித்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கபடி நடந்துகொண்டிருந்தபோது, படம் உடைந்தது.

எனக்கு உயிரே போய்விட்டது. அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரிமோட்டை எறிவார் என்று எதிர்பார்த்தேன். எறியவில்லை. டிவியை அணைத்துவிட்டு, "கண்ணு எரியுது" என்று எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாளும் கண் எரிச்சல் என்று டிவி பக்கமே வரவில்லை. மருந்து தெறித்திருக்கும் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

கொல்லைப்பக்கம் போய் அவருக்குப் போன் பண்ணினேன். அவரால் நம்ப முடியவில்லை. "பித்தளை. ஓரத்துல ரப்பர் வளையம். கீழேருந்து மேல சுத்துனது. மழை எப்படிப் போகும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான் அழுதுகொண்டே மருந்தடித்த கதையைச் சொல்லும்போதுதான் எனக்கே அது பிடிபட்டது.

"மழை மேலேருந்துதான வருது. எங்க தோட்டத்துல மருந்து கீழேருந்துல்ல வரும்" என்றேன். "பந்தலுக்கடியில நின்னு இலைக்கு அடிப்பக்கத்தைப் பாத்து மேல அடிப்போம். நீங்க வச்ச மடிப்பெல்லாம் கீழ பாத்து வாயத் தொறந்துக்கிட்டு இருக்கு."

அந்தப் பக்கம் தலையில் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. பிறகு, "துத்தமா அடிக்கிறீக? அது உள்ள இருக்க அலுமினிய வலையத் தின்னுருமே" என்றார். அந்த மூன்று மெக்கானிக்குகளும் தோற்றது எதனால் என்று அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

அவர் வரக் கூடாது. வந்தால் அப்பாவிடம் தோற்றதாகிவிடும். "நான் மாட்டுறேன், சொல்லிக் கொடுங்க" என்றேன். வியாழக்கிழமை கூடலூர் பஸ்ஸில் கண்டக்டரிடம் ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்பினார். நாலு கனெக்டர், ஒரு சுருள் ரப்பர் டேப், உரிக்கிற பிளேடு, அழுத்துகிற கருவி. கருவியில் ஒரு சீட்டு: 'கவனம், இதுக்கு மாத்து இல்ல.' என்னைச் சொன்னாரா கருவியைச் சொன்னாரா என்று கேட்டிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, துத்தம் வாங்கக் கம்பத்துக்குப் போவதாகச் சொன்னார். கேட்டைத் தாண்டியதும் நான் மோட்டார் ரூமுக்கு ஓடினேன். ஏணியை எடுத்துப்போய், தூணில் இருந்த ஜாயின்ட்டைப் பிரித்து, இரண்டு முனையையும் வெட்டிக்கொண்டேன்.  ஏணிமேல் நின்று உரிக்க முடியாமல், டிஷ் பக்கத்துக் கேபிளைக் கட்டவிழ்த்து மோட்டார் ரூம் வாசல் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்து, உள்ளே கிடந்த மூட்டைமேல் உட்கார்ந்து, போனை மடியில் வைத்துக்கொண்டு உரித்தேன். அவர் சொல்லச் சொல்லச் செய்தும் முதல் கனெக்டர் வீணானது. மடித்த வலையில் ஒரு முடி அளவு கம்பி உள்ளே திரும்பி நடுக்கம்பியைத் தொட்டுவிட்டது. "ஒரு முடிதான. ஆனா அது ஒண்ணு போதும், படம் வராது. வெட்டிப் போட்டுட்டுப் புதுசு எடு" என்றார். குரலில் கொஞ்சம்கூடக் கோபமில்லை. இரண்டாவது சரியாக விழுந்தது. அழுத்தும்போது டக்கென்று ஒரு சத்தம் வந்தது, அது போனிலேயே அவருக்குக் கேட்டுவிட்டது. "அதுதான்" என்றார்.

இன்னொரு முனையையும் முடித்து, ஜாயின்ட்டைத் தூணில் கட்டி, ரப்பர் டேப்பை இழுத்து, கீழிருந்து மேலே ஒரு நடை, மேலிருந்து கீழே ஒரு நடை, மறுபடி கீழிருந்து மேலே ஒரு நடை சுற்றினேன். மூன்று நடை என்பது என் யோசனை. இப்போது திராட்சைத் தோட்டம் எங்கே போனாலும் அவர் மூன்று நடைதான் சுற்றுகிறார், "இது எங்க வீட்டம்மா கணக்கு" என்று எல்லோரிடமும் சொல்லிவிடுவார்.

மத்தியானம் அப்பா வாழைப்பழத்தோடு திரும்பி வந்தார். துத்தம் ஸ்டாக் இல்லையாம். சாயங்காலம் கண் எரிச்சல் போய்விட்டது என்று டிவி போட்டார். படம் நின்றது. அதற்குப் பிறகு நாலு தடவை மருந்தடித்தோம். ஒவ்வொரு தடவையும் அந்தத் தூணைத் தாண்டும்போது நிமிர்ந்து ஜாயின்ட்டைப் பார்த்துக்கொள்வேன். படம் அசையவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் பிரின்ஸ் கேக்கோடு வந்தார். அப்பா அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "வாங்க தம்பி, தோட்டத்தைப் பாத்துட்டு வருவோம்" என்று பந்தலுக்கடியில் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அந்தத் தூணுக்குப் பக்கத்தில் அப்பா நின்றார். ஜாயின்ட்டைக் கட்டைவிரலால் தடவிக் காட்டினார்.

"நல்லா நின்னுருச்சு. நீங்க சுத்துனதுதான இது?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். சொல்லிவிடுங்கள் என்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜாயின்ட்டைப் பார்த்தார். கையில் எடுத்து, திருப்பி, மடிப்பை நகத்தால் நெருடினார்.

"இல்ல மாமா. நான் சுத்துனது மருந்துல போயிருச்சு. இது ஜெசிந்தா சுத்துனது. என்னுதை விட நல்லா வந்திருக்கு" என்றார். பிறகு செம்போடு நின்ற என்னைப் பார்த்து, தோற்றுப்போனவர் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டார்.

"தெரியும்" என்றார் அப்பா. "எதிர்ப்பக்கமாப் போற சுத்து எங்க வீட்டுல யாரு கையின்னு எனக்குத் தெரியாதா? நீங்க என்ன சொல்லுவீகன்னுதான் தெரியல. ஆமான்னு சொல்லியிருந்தா, சோத்தைப் போட்டு அனுப்பிவிட்டிருப்பேன்." அவர் தோளில் கை வைத்தார். "நாளைக்குச் சாமியாரைப் பாக்கணும். ஓலைக்கு ஒங்க வீட்டு விவரமெல்லாம் எழுதி எடுத்துட்டு வாங்க."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் ஒரு விஷயம் இடித்தது. "தெரிஞ்சுக்கிட்டேவா அன்னைக்குத் துத்தம் வாங்கக் கம்பத்துக்குப் போனீக?" என்று கேட்டேன்.

"ரெண்டு நாளாக் கொல்லையில நின்னு போன்ல கனெக்டரு கனெக்டருன்னு பேசுற பிள்ளைக்கு ஒரு காலை நேரமாவது விட வேணாமா? துத்தம் மோட்டார் ரூம்லயே ரெண்டு மூட்டை கெடந்துச்சே ஆத்தா. நீ பாக்கலையா?"

பார்த்தேன். அதில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துதான் முதல் கனெக்டரை வீணாக்கினேன். நான் அங்கே உட்கார்ந்து கேபிளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அந்த மூன்று மணி நேரமும், எங்கள் அப்பா வாங்குவதற்கு ஒன்றுமில்லாமல், கம்பம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறார்.